சுத்தமான நிலக்கரியும் என் தங்கையின் ஒரே கேள்வியும்

போன ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால். எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் திரை, திரையில் 'சுத்தமான நிலக்கரி' என்று பச்சை எழுத்து. பேசியவர் அங்குள்ள அனல்மின் நிலையத்தின் ஓர் இளம் இன்ஜினீயர். வெளிமாநிலத்துக்காரர். தமிழைப் பாடுபட்டுக் கற்றிருந்தார்.

"இனிமேல் கரியும் சுத்தம், புகையும் சுத்தம்" என்றார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் - "சுத்தம்!"

மண்டபமே சிரித்தது. இன்ஜினீயர் கைகூப்பி, "நன்றி மேடம்" என்றார். பாவம்... அந்த வார்த்தையை எந்த இழுப்பில் சொன்னால் பாராட்டு, எந்த இழுப்பில் சொன்னால் 'எல்லாம் போச்சு' என்று எந்தப் புத்தகம் சொல்லித்தரும்?

குரல் கொடுத்தவள் என் தங்கை வசந்தா. வம்புக்கு வந்தவள் இல்லை. அவள் மகளுக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். "எண்ணூர் தூசியில் பச்சைக் குழந்தையா?" என்று மாப்பிள்ளை வீட்டில் தயங்குகிறார்கள். யாராவது நேராகப் பதில் சொல்ல மாட்டார்களா என்றுதான் என்னையும் துணைக்கு அழைத்து வந்திருந்தாள்.

எனக்கோ மனசு ராயபுரத்துக்கு ஓடிவிட்டது.

நாங்கள் கரித்தூசியில் வளர்ந்தவர்கள். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலம் அது. கடல்காற்று எழும்புவதற்குள் துணி காய்ந்து உள்ளே வந்துவிட வேண்டும் - அம்மாவின் சட்டம். கொடிக்கயிற்றை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்த பிறகுதான் எங்கள் வெள்ளைச் சட்டைகள் அதில் ஏறும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் படிந்த கரியில் வசந்தா விரலால் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'கழுதை' என்று சேர்ப்பாள். நான் உள்ளங்கையால் அழிப்பேன். கறுத்த கையைக் காட்டி அம்மாவிடம் என்னையே மாட்டிவிடுவாள்! தூசிக்காகக்கூட ஒரு மனிதன் ஏங்க முடியுமா? முடிகிறதே.

கரி விழுந்த நாளில் டைரியின் மேல் மூலையில் ஒரு புள்ளி வைப்பேன். வசந்தா கல்யாணமாகி எண்ணூர் போன பல வருடங்களுக்குப் பிறகு, துறைமுகத்தில் கரி இறக்குவது நின்றது. வேலை வடக்கே போனது. என் புள்ளிகளும் நின்றன. மைசூர்பாகு வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். தங்கைக்கும் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"அங்க நின்னது இங்க வந்துகீதுண்ணா. ஸ்வீட்ட நீயே துன்னு" என்றாள்.

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். டைரியில் அதை எழுதவில்லை.

மண்டபத்துக்கு வருகிறேன். இன்ஜினீயர் சொன்னது எதுவும் பொய்யில்லை. அதிக அழுத்தத்தில் ஓடும் பாய்லருக்கு, அதே மின்சாரத்துக்குக் குறைந்த கரி போதும். பறக்கும் சாம்பலை மின்வடிகட்டி பிடிக்கும். கந்தகப் புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசல் வாங்கிக்கொள்ளும். கரியமில வாயுவையும் பிடித்துப் பூமிக்குள் அடைக்கலாமாம்.

வேறோர் ஊர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்றவர் வசந்தாவின் கணவர். பக்கத்து நாற்காலியிலிருந்து என் காதருகே குனிந்தார். "எல்லாம் நடக்கும் மச்சான். ஆனா, வாயுவப் புடிச்சு அடைக்கவே, இங்க தயாராவுற கரண்ட்ல ஒரு பங்கு பூடும். புடிச்ச சாம்பல எங்கனா கொட்டணும்ல? மாயமா மறைஞ்சிடுமா இன்னா?"

அதற்குள் வசந்தா எழுந்துவிட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. என் பொண்ணுக்கு ஏழாம் மாசம். பிரசவத்துக்கு என் வூட்டுக்கு இட்டுகினு வர்லாமா, வாணாமா?"

இன்ஜினீயர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த படத்திலும் இதற்குப் பதில் இருக்காது என்று அவருக்கே தெரிந்திருக்கும். மைக்கைக் கீழே வைத்தார்.

"எல்லாம் பொருத்தி முடிக்கச் சில வருஷம் ஆகும்மா. இப்போ... வேண்டாம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வசந்தா உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேராச் சொன்னாரே... அது போதும்."

"ராயபுரத்துக்கு அழைச்சுட்டு வா. தாய்மாமன் வீடு தாய் வீடு இல்லையா?" என்றேன். மனைவியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"நானும் வருவேன். அஞ்சாறு மாசம். தாங்குவியாண்ணா?"

"உன்னைச் சின்ன வயசிலேயே தாங்கினவன் நான்."

"அப்போ இவரு?"

"நான் இங்கியே சாம்பலுக்குக் காவலா கீறேன்" என்றார் அவள் கணவர். வசந்தா சிரித்துவிட்டாள். கண் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

மாலையே மாப்பிள்ளையிடமிருந்து போன். அவருக்குப் பரம சந்தோஷம். ஒரே ஒரு நிபந்தனை.

"குழந்தை இருக்கிற ரூம்ல நாள் முழுக்க ஏசி ஓடணும் மாமா. அங்கே கரண்ட் கட் ஆகாதுல்ல?"

"ஆகாது மாப்பிள்ளை" என்றேன்.

அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.