படகு வந்தால் மஞ்சள்

வெள்ளைத் திரையில் ஒரு வரி மட்டும் மஞ்சளாகும். கொஞ்ச நேரத்தில் வெளுத்து மற்ற வரிகளோடு சேர்ந்துவிடும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்காரர்களின் சிறிய சங்கம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது ஜாவாவில் எழுதிய கணினி நிரல் அது. நயினார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கரை திரும்பும் படகு ஒவ்வொன்றும் அட்டவணையில் ஒரு வரி: படகின் எண், நேரம், கடைசியில் குறிப்பு. ஜன்னலுக்கு வெளியே காத்திருக்கும் பெண்கள் பார்க்கட்டும் என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தோம்.

அவர்களில் ஒருவர் படகு டிரைவரின் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். படிக்கத் தெரியாது, கணவர் ஓட்டும் படகின் எண்ணை மட்டும் முகம் போல அடையாளம் தெரியும். மஞ்சள் அவர் கேட்டதுதான். "இத்தனை வரியில எது புதுசுன்னு எப்படித் தெரியும் தம்பி? வந்த படகை மஞ்சளாக் காட்டு. மங்களமாவும் இருக்கும்ல." முதலில் நான் வரியின் இடத்துக்கு நிறம் கொடுத்துவிட்டேன். அடுத்த படகு மேலே ஏறியதும் பழைய வரி கீழே நகர, மஞ்சள் வேறொரு படகின் மேல் போய் உட்கார்ந்தது. "எங்க வீட்டு மஞ்சளைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டியே!" என்று ஜன்னலே அதிரச் சிரித்தார். பிறகு நிறம் அந்தந்தப் படகை விட்டு நகராதபடி சரிசெய்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரு ஐப்பசியில் காற்று திடீரென்று திரும்பியது. போன படகுகள் ஒவ்வொன்றாக வந்தன, டிரைவரின் படகு மட்டும் வரவில்லை. அக்கா தினமும் ஜன்னலுக்கு வந்தார். ஒவ்வொரு மஞ்சளுக்கும் எழுந்து எண்ணைப் பார்ப்பார், மறுபடி உட்காருவார்.

தேடப் போனவர்கள் அந்தப் படகின் எண் எழுதிய பலகையோடு திரும்பினார்கள். பெரியவர்கள் சிலர் செய்தி சொல்ல அக்காவின் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அக்கா வேறு வழியாக எங்கள் ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. உள்ளே மேனேஜர், ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்று, படகின் எண்ணைத் தட்டி, குறிப்பில் 'கடலில் மூழ்கியது' என்று ஏற்றினார். அதுவும் புது வரி. நிரலுக்குப் புதியது எல்லாம் மஞ்சள்தான்.

"வந்துட்டாக! தம்பி, அவுக வந்துட்டாக!"

நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அக்கா படகு அணையும் பாலத்தை நோக்கி ஓடிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். பாலத்தின் கடைசியில் நின்று, கட்டியிருந்த படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியைக்கூட அள்ளி முடிந்திருந்தார்.

"எங்கன கட்டிருக்காக? இங்கன காணமே."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அழுவார், என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"அப்ப எதுக்குத் தம்பி மஞ்சளாச்சு?"

மூழ்கிய படகுக்கு வேறு நிறம் கொடுத்திருக்கலாம் என்பார்கள். கொடுத்திருந்தால் மட்டும் என்ன, டிரைவர் திரும்பி வந்திருப்பாரா?

இப்போது சென்னையில் மருந்துக் கிடங்கு ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். புதிதாக ஏறும் சரக்கு கண்ணில் பட வேண்டும், மஞ்சளாக இருந்தால் நல்லது என்று போன வாரம் கேட்டார்கள். செய்து கொடுத்தேன். சோதித்துப் பார்க்க ஒரு வரி ஏற்றினேன். மஞ்சளானது. கிடங்குக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக் குடித்தார். வரி வெளுத்தது. யாரும் எழுந்து ஓடவில்லை.