தாய்மாமனுக்குத் தனிப் படம்

குமுளியிலிருந்து மலைப்பாதையில் நடந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பார்த்த வேலையைக் காலையில்தான் விட்டிருந்தேன். கேட்டவர்களிடம் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஓர் இடத்தில் நாலு மாசம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும் என்பதும் உண்மைதான். கூடலூர் வந்து சேர்வதற்குள் செருப்பு வார் அறுந்தது. மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒதுங்கினேன்.

கடைக்காரப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பக்கத்தில் ஓர் அம்மாள் அழாத குறையாக நின்றார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சின்ன மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன், அதாவது இந்த அம்மாளின் அண்ணன், மலைமேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

பத்திரிகையை வேர்டில் அடித்து அந்த ஃபைலையே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். கடையில் இருந்த தமிழ் ஃபான்ட் அண்ணன் போனில் இல்லை. பெயர்கள் இருந்த இடத்தில் எல்லாம் கொக்கியும் புள்ளியும். எல்லார் பெயரும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அவர் தன் பெயரை மட்டும்தான் தேடிப் பார்த்திருக்கிறார். மூத்தவள் சடங்குப் பத்திரிகையில், தன் பெயரை அம்மாளின் வீட்டுக்காரருடைய சித்தப்பாவுக்குக் கீழே போட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை.

படமாக மாற்றிவிட்டால் எழுத்து ஓடாது என்று கடைக்காரப் பெண் மாற்றி அனுப்பினார். படம் பெரிது. அவர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். நான் வேலை பார்த்ததும் அந்தப் பக்கம்தான் என்பதால் வாயை அடக்க முடியவில்லை.

"அங்கன தண்ணித் தொட்டிப் பாறை மேல ஏறி நின்னாத்தான் ஒரு கோடு டவர் கிடைக்கும். படத்தைச் சுருக்குங்க."

சுருக்கினார். இந்தத் தடவை போய்ச் சேர்ந்தது. எறும்பு வரிசையை யாருக்கு அனுப்பினாய் என்று பதில் வந்தது. பங்காளி, சம்பந்தி, அவர்கள் பேரன் பேத்தி வரைக்கும் ஒரே பக்கத்தில் அடைத்திருந்தால் எறும்புதான் வரும். கொஞ்சம் பெயரை எடுத்துவிடலாமே என்றேன். ஒரு பெயரை எடுத்தால் ஒரு வீடு வராது என்று அம்மாள் என்னை முறைத்தார்.

கடைக்காரப் பெண் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு, "அக்கா, உங்க அண்ணனுக்கு மட்டும் தனியா ஒண்ணு போட்ருவோம்" என்றார்.

அண்ணன் பெயர் அரைப் பக்கத்துக்கு ஏறியது. மற்றவர்கள் அடியில் எறும்பாகவே இருந்தார்கள். எவ்வளவு சுருக்கினாலும் அந்த ஒரு பெயர் அசையவில்லை.

பக்கத்துக் கடையிலிருந்து வந்த டீயைக் குடித்து முடிக்கும்போது அம்மாளின் போனில் குரல் வந்தது. காற்றுச் சத்தம் கேட்டது. பாறை மேல்தான் நின்றிருப்பார்.

"ஆத்தா, இப்பத்தான்டி பத்திரிகை மாதிரி இருக்கு. சனிக்கிழமையே வந்துருவேன்."

அதோடு விட்டிருந்தால் நான் மறுநாள் தேனிக்கு பஸ் ஏறியிருப்பேன். மனிதர் அந்தச் சந்தோஷத்தில் படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டுவிட்டார்.

இரவு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்துவிட்டு, வாசலில் கழற்றிவிட்டு மறந்த அறுந்த செருப்பை எடுக்கக் காலையில் கடைக்குப் போனேன். வாசலில் கூட்டம். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் அந்தப் படம். அந்த அம்மாள் ஓரமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தன் பெயர் பெரிதாக இல்லாத பத்திரிகைக்கு வருவதாக யாருக்கும் உத்தேசமில்லை.

கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்ணே, மலையை விட்டு வந்தாச்சு. மவுசைப் பிடிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன். ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். பெயரைப் பெரிதாக்கு, படமாக்கு, சுருக்கு, அனுப்பு. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கும் அது பிடிபட்டது. முதல் ஆளாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், அதே சித்தப்பா.

"தாய்மாமனுக்குப் போட்டதை விட ஒரு நூல் பெருசாப் போடப்பா. ரொம்ப வேணாம்."