விரித்துப் பார்க்கிறவள்

கைக்கடிகாரத்தைக் கழற்றி, கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறாள் நாகவல்லி. விநாடி முள் பன்னிரண்டைத் தொடும்போது பொத்தானை அமுக்குகிறாள். திரையில் எண்கள் ஓடி முடிகிறவரை யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. முடிந்ததும் நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறாள்: சுருக்க ஆன நேரம், சுருங்கிய அளவு, மறுபடி விரிக்க ஆன நேரம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்பிரிங் பட்டறை ஒன்றின் மாடியில் இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். பட்டாபிராமில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவாள். வயது முப்பத்திரண்டு. ஊராரின் பட்டியல்களைத் தட்டெழுதுவதும், அவற்றைச் சுருக்கி பிளாப்பியில் ஏற்றுவதும் வேலை. சுருக்குவதற்கு மூன்று புரோகிராம்கள். மூன்றுக்கும் அவளே பெயர் வைத்திருக்கிறாள்: பறக்கிறவன், நடுவுலவன், ஆமை.

முதலாளி சம்பத்துக்குப் பறக்கிறவன் ஒருவனே போதும். நாகவல்லி எல்லாப் பட்டியலையும் அவனிடமே விட்டுவிடமாட்டாள். பக்கத்து நாற்காலி புஷ்பா ஒருநாள் காரணம் கேட்டாள்.

"இந்த ஏரிக்கர லிஸ்ட்ல வேம்புலின்ற பேரு முந்நூறு தபா வருதுக்கா. புரோகிராம் அத ஒரு தபாதான் முழுசா எழுதும். அப்பால வர்ற எடத்துல எல்லாம் 'அங்க கீது, பாத்துக்கோ'ன்னு சின்னதா குறி போட்டுகினு பூடும். ஆமை ரொம்ப தூரம் திரும்பிப் பாத்து தேடும். அதான் லேட்டு. ஆனா நல்லா அமுக்கும்."

சுருக்கியதோடு அவள் எழுந்துவிடுவதில்லை. விரித்து, மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் எழுவாள். சம்பத் இதை வீண்வேலை என்பார். அவள் அம்மா தாயம்மாளின் பெயர், யாரோ ஒரு பட்டியலைக் கையால் படியெடுத்தபோது விடுபட்டுப்போனது. அதைத் திரும்பச் சேர்க்க அம்மாவும் மகளும் இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீசாக நடந்தார்கள். பெயர் சேர்ந்துவிட்டதென்று வந்த கடிதத்தை வாங்க தாயம்மாள் உயிரோடு இல்லை. இதை நாகவல்லி ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்றிரண்டு ஆடியில் அந்த ஏரிக்கரைப் பட்டியல் முடிந்தது. கால்வாய்க்காக இடிக்கப்போகும் குடிசைகளின் கணக்கெடுப்பு. பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று ஆறு பேர். பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் மாற்றிடம். ஐந்து மணிக்குள் பூந்தமல்லியில் கணக்கெடுத்த கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். அங்கே இருப்பது பழைய மெஷின். சின்னக் கொள்ளளவு பிளாப்பிதான் போகும். போன தடவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததில் இரண்டாவதை யாரும் திறக்கவே இல்லை. அதனால் ஒன்றுதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மணி இரண்டேகால். மூன்று மணிக்குக் கரண்ட் போகும். பறக்கிறவன் நாலு நிமிஷத்தில் முடித்தான். பதினோராயிரம் எழுத்து இடம் போதவில்லை. நடுவுலவனுக்கு ஒன்பது நிமிஷம். அப்போதும் இரண்டாயிரம் எழுத்து அடங்காமல் வெளியே நின்றது.

சம்பத் பின்னால் வந்து நின்றார். "இன்னா நாகவல்லி, இன்னுமா? கொழந்தைங்க பேர எடுத்துடு. வூட்டுத் தலைவன் பேரு இருந்தா போதும். கரெக்டா அடங்கிடும்."

"ஆள எடுத்துட்டா அது சுருக்கறது இல்ல சார்."

"கரண்ட் பூட்டா இன்னா பண்ணுவ?"

அவள் நோட்டைப் புரட்டினாள். இதே மாதிரி பட்டியலுக்கு ஆமை எடுத்தது இருபத்தாறு நிமிஷம். கடிகாரம் இரண்டு இருபத்தொன்பது காட்டியது. "ரெண்டு அம்பத்தஞ்சுக்கு முடியும் சார். பிளாப்பில ஏத்த சரியா இருக்கும். விரிச்சுப் பாக்கத்தான் நேரம் இருக்காது." சம்பத் சன்னலோரம் போய் நின்றுகொண்டார். அவள் பொத்தானை அமுக்கினாள்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு முடிந்தது. அடங்கியது. பிளாப்பிக்கு ஏறி விளக்கு அணைந்த அடுத்த நிமிஷம், கீழே பட்டறையின் சத்தமும் நின்றது. மின்விசிறி மெல்ல ஓய்ந்தது.

சரிபார்க்காத பிளாப்பியை அவள் வாழ்நாளில் வெளியே கொடுத்ததில்லை. ஆளனுப்பலாம் என்றார் சம்பத். "நானே போறேன் சார்" என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே அதை வைத்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் என்ஜினுக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தை, அந்தச் சூடு பிளாப்பிக்கு ஆகாதென்று வேறொருத்திக்கு விட்டுவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டே வந்தாள்.

பூந்தமல்லி ஆபீசில் கலியமூர்த்தி என்பவர் மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "வச்சிட்டுப் போம்மா. காலைல பாத்துக்கலாம்."

"இல்ல சார். விரிச்சுப் பாத்துட்டுப் போறேன்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"சுருக்கத்தான் லேட்டு சார். விரிக்க மூணு நிமிஷந்தான்."

அவர் பெருமூச்சோடு மெஷினைப் போட்டார். மூன்று நிமிஷமும் அவள் உட்காரவில்லை. மொத்தம் வந்தது: பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று ஆறு.

"அதான் சரியா கீதேம்மா."

"கடேசிப் பக்கம் ஒரு தபா காட்டுங்க சார்."

பட்டியல் அடிவரை ஓடி நின்றது. கடைசி வீடு. தாய் பொன்னியம்மா. அதற்குக் கீழே கடைசி வரி: பெண் குழந்தை, பெயர் வைக்கவில்லை, ஒன்பது நாள்.

நாகவல்லி குனிந்து, அந்த வரியின் மேல் திரைக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.