றெக்கைக்காரரின் சட்டை

முகமூடி போடாமல் அவர் அரத்தைத் தொட்டதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாவம், அவ்வளவு எச்சரிக்கையான மனிதர்.

பந்தயத்தில் விடுகிற பொம்மைப் படகுகள் இருக்கின்றனவே, கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டுவார்கள், அவற்றின் பின்னால் சுழலும் கட்டைவிரல் நீள உலோக றெக்கைதான் அவர் தொழில். அதனால் ஊருக்கே அவர் றெக்கைக்காரர். வார்ப்பிலிருந்து வரும்போது றெக்கை மொண்ணையாக இருக்கும், சொன்னபடி வளையும். வளைத்து, அரத்தால் இழைத்து, விளிம்பைச் சவரக்கத்தி போலத் தீட்டுவார். பிறகு மின் அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் இறுகிவிடும். இறுகியதைப் பழையபடி வளைக்கப் பார்த்தால் பட்டென்று உடையும்.

அந்த அடுப்பு, மனைவி கேக் செய்ய ஆசைப்பட்டு வாங்கியது. “கட்டிக்கிட்டு வந்தவளுக்கு இல்லாத உரிமை இந்த வீட்ல அந்த றெக்கைக்கு இருக்கு” என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே, வேலை முடிந்து அவர் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் படார் படாரென்று உதறுவாள். வெயிலில் தூசி பளபளவென்று பறக்கும்.

“பாருங்க, எனக்குப் போடாத தங்கத்தையெல்லாம் இப்படிக் கொட்டறீங்க!”

அவரும் சிரிப்பார். அட கடவுளே, வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்.

வறட்டு இருமல் வந்தது அவளுக்கு. சளி என்றார்கள், ஒத்துக்கொள்ளாத காற்று என்றார்கள். வாயாடி அவள், போகப் போக ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துகொண்டு, “நீங்க போங்க, நான் வேடிக்கை பார்த்துட்டு வரேன்” என்பாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, வெறும் சுவர்.

நுரையீரல் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூச்சு ஊதும் சோதனைக்காக மனைவி உள்ளே போயிருந்தாள்.

“நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

சொன்னார். றெக்கை வார்க்கிற செம்பில் பெரிலியம் என்ற உலோகம் கலந்திருக்கும், தூசி பொல்லாதது என்று அவரே எடுத்துச் சொன்னார். “அதான் டாக்டர், மாஸ்க் இல்லாம உட்காரவே மாட்டேன். கதவையும் சாத்திக்குவேன். அவ அந்த ரூம் பக்கமே வர்றதில்ல.”

“சட்டையை யார் துவைக்கறது?”

அவர் சோதனை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“நுரையீரல் இறுகிட்டு வருது. மேல மோசமாகாம மருந்து குடுத்துப் பார்க்கலாம். ஆனா போனது போனதுதாங்க.”

இறுகுவது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவரையும் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறீர்கள் என்றார்கள். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

வீட்டுக்கு வந்ததும் ஆணியில் கிடந்த சட்டையை, உதறாமல் கொள்ளாமல் அப்படியே சுருட்டி வாளித் தண்ணீரில் அமுக்கினார். அவள் குளியலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க இது அதிசயம்... இன்னைக்கு மழை கொட்டத்தான் போகுது.”

“நீ போய்ப் படும்மா.”

“டாக்டர்... என்னவாம்?”

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார். மறுபடி வாளிப் பக்கம் குனிந்துகொண்டார். “தூசியாம்” என்றார்.

“எந்தத் தூசி?”

அவர் வாளிக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். அவள் சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மெதுவாக வந்து, நனைந்திருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லவேளைங்க” என்றாள், மூச்சு வாங்கி. “நீங்க மாஸ்க் போட்டுக்கிட்டீங்க.”