இருபதுக்குப் பூஜ்யம்

என் மருமகள் கரையான்சாவடியில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெருவில், ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறாள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பதினேழு குழந்தைகள். வாசற்படி நான்கு, ஜன்னல் ஆறு, மின்விசிறி மூன்று. மூன்றில் ஒன்று ஆடும். அந்த விசிறிக்குக் கீழே எந்தக் குழந்தையும் உட்காராமல் பார்த்துக்கொள்வது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

அதற்கு முன்னால் முப்பத்து நான்கு வருடம் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். பொருளை அளப்பேன். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து இரண்டு டேப்லெட்டுகளைப் பத்து நாள் பார்வைக்கென்று பள்ளியில் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றில் சிறு குழந்தைகளுக்கான மூன்று விளையாட்டுகள் இருந்தன. நிறம் ஒன்று, எழுத்து ஒன்று, எண்ணிக்கை ஒன்று. ஒவ்வொன்றிலும் இருபது கேள்விகள், கேள்விக்கு மூன்று விடைகள். முடிவில் திரையில் ஒரு பட்டை வரும். அது குழந்தையின் வளர்ச்சி எந்த வயதுக்குரியது என்று காட்டும் என்றார் அவர். பட்டை பச்சையாக இருந்தால் நல்லது, சிவப்பாக இருந்தால் கவனிக்க வேண்டும்.

"மாமா, இதுங்கள்ல எது உருப்படின்னு எனக்குத் தெரியல. உக்காந்து பாக்க எனக்கு நேரமும் இல்ல. நீங்களே பாத்துச் சொல்லுங்க. வாங்கலாமா வேணாமான்னு அவருக்குப் பதில் சொல்லணும்" என்றாள் மருமகள்.

அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். குழந்தைக்கு ஒரு வரி, விளையாட்டுக்கு மூன்று கட்டம். தினமும் ஐந்தாறு குழந்தைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, திரையின் வலது மூலையில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். என் காது தொழிற்சாலையிலேயே பாதி போய்விட்டது. பேனா நோட்டில் இருந்தது, கண் அந்த மூலையில் இருந்தது.

நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி. எப்போதும் ஒரு பின்னல்தான் மிச்சமிருக்கும், இன்னொன்று பத்து மணிக்கே அவிழ்ந்துவிடும். அவள் அம்மா திருமழிசையில் ஒரு தொழிற்கூடத்தில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். நிறத்திலும் எழுத்திலும் குழந்தைக்குக் குறையே இல்லை. எண்ணிக்கை விளையாட்டில் முதல் முறை இருபதுக்கு ஒன்பது எடுத்தாள். சந்தேகப்பட்டு மறுநாள் வைத்தேன், ஐந்து. அதற்கு மறுநாள் பூஜ்யம். பட்டை சிவப்பாகி, 'இரண்டு வயது' என்று காட்டியது.

மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்துப் பயந்துபோனேன். குறைந்த மதிப்பெண்ணைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது நாளுக்கு நாள் இறங்குகிறதே.

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். என் மகனுக்குப் பார்வை மோசம் என்பது அவனுடைய எட்டாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறான். அதற்காக நான் அவனை அடித்திருக்கிறேன், எனக்கு நினைவிருந்து நான்கு முறை. தலைமயிர்ப் பருமன் வித்தியாசத்தைத் தொழிற்சாலையில் கண்டுபிடிக்கிறவன் வீட்டில் அதைப் பார்க்கவில்லை. இன்னொரு குழந்தை விஷயத்திலும் அப்படி விட்டுவிடுவேனோ என்ற நடுக்கம் அது.

அன்று மாலை கேட்டுக்கு வெளியே அவள் அம்மாவை நிறுத்தினேன். மருமகளிடம் சொல்லவில்லை.

"இன்னா சார், பாப்பா எதுனா தப்பு பண்ணிச்சா?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடறது நல்லது."

"டாக்டரா? எதுக்கு சார்? காலைல இட்லி ரெண்டு துன்னுச்சே."

நோட்டைத் திறந்து காட்டினேன். ஒன்பது, ஐந்து, பூஜ்யம். அவள் எண்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஊட்ல நல்லாத்தான் எண்ணுது சார். மாடிப்படி எண்ணுது, ரேஷன் கடைல எனுக்கு முன்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்கன்னு சொல்லுது."

"அது மனப்பாடமா இருக்கலாம். இது மிஷின் சொல்றது."

மிஷின் என்றதும் அவள் முகம் மாறியது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான்கு வயதுக் குழந்தை, நன்றாக நடக்கிற குழந்தை. பஸ் ஸ்டாப் வரை இறக்காமலேயே போனாள்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் பதினான்கு முறை கேட்டைப் போய்ப் பார்த்தேன். மருமகளிடம் அப்போதுதான் சொன்னேன். கையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"மாமா, கேமைப் பாருங்கன்னு சொன்னேன். நீங்க புள்ளையைப் பாத்துட்டீங்களே."

அந்த வாக்கியம் மனதைவிட்டுப் போகவில்லை. மத்தியானம் டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் காலையில் முதல் வேலை, அளக்கும் கருவியைச் சோதிப்பது. கருவி சரியென்று தெரிந்த பிறகுதான் பொருளைத் தொடுவோம். முப்பத்து நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அதைத் தவறவிட்டதில்லை. இங்கே மட்டும் கம்பெனி ஆள் சொன்னதை நம்பி நேராகக் குழந்தைகளை அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

எண்ணிக்கை விளையாட்டைத் திறந்து முதன்முறையாகப் படத்தைப் பார்த்தேன். ஒரு யானை, அதன் முன்னால் நான்கு வாழைப்பழம். நான்கை அமுக்கினேன். ஒரு நட்சத்திரம் வந்து போனது. அடுத்த கேள்விக்கு வேண்டுமென்றே தவறாக அமுக்கினேன். யானை பழத்தோலில் கால் வைத்து, நாலு காலும் மேலே போக வழுக்கி, சேற்றில் விழுந்தது. காதை விசிறி போல ஆட்டிக்கொண்டு, தும்பிக்கையால் தன் தலையிலேயே சேற்றை வாரிப் போட்டுக்கொண்டது.

பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. நான்கு குழந்தைகள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தாத்தா, யானைய இன்னொரு தபா வுழ வை!"

"தப்பா அமுக்கு தாத்தா! கரீட்டா அமுக்குனா ஸ்டாருதான் வரும், நல்லாவே இருக்காது."

"தப்பா அமுக்கணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

அந்த ஒற்றைப் பின்னல்காரியின் பெயரைச் சொன்னார்கள்.

நோட்டை எடுத்து அவள் வரியைப் பார்த்தேன். மூன்று விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலே இருபதுக்கு ஆறோ ஏழோ சரியாக வந்துவிடும். பூஜ்யம் தெரியாமல் வருகிற எண் அல்ல. இருபது முறையும் சரியான விடையைக் கண்டுபிடித்து, அதை மட்டும் தொடாமல் விட்டால்தான் பூஜ்யம் வரும். பஸ்ஸில் ஜன்னல் கம்பிகளை எண்ணுகிற எனக்கு இந்தக் கணக்கு மூன்று நாளாகத் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். குழந்தைக்கு இரண்டு பின்னலும் இறுக்கமாக இருந்தன.

"கண்ணு பாத்தாங்க, காது பாத்தாங்க. ஒண்ணும் இல்லன்ட்டாங்க சார்" என்றாள் அம்மா. "இருந்தாலும் எனுக்கு மனசு ஆறல. மூணு நாளா லீவு போட்டு உக்கார வெச்சு எண்ண உட்டேன். கிள்ளியும் உட்டேன். இப்ப கேட்டுப் பாரு, டாண்டாண்ணு சொல்லும்."

நடந்ததை அவளிடம் சொன்னேன். யானையைத் திறந்தும் காட்டினேன். அவள் அது விழுவதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இன்னா நைனா நீ" என்றாள். 'சார்' போய்விட்டது. "யானை வுழறதுக்கா நான் மூணு நாளா சோறு துன்னாம கெடந்தேன்?"

"மன்னிச்சுக்கம்மா."

"மன்னிக்கிறதுக்கு இன்னா கீது. நல்லதுக்குத்தானே சொன்ன. ஆனா நீ சொன்னத வெச்சு நான் கிள்ளினேன் பாரு, அத யாராண்ட போய்ச் சொல்ல?"

அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் தொழிற்கூட வேன் ரோட்டில் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

குழந்தை யாரும் சொல்லாமலே டேப்லெட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. முதல் கேள்வி, மூன்று பழம். விரல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூன்றை அமுக்கினாள். நட்சத்திரம் வந்தது. இரண்டாவது கேள்விக்கும் விரல் நின்றது, என் முகத்தைப் பார்த்தாள், அமுக்கினாள். இருபதுக்கு இருபது. பட்டை பச்சையாகி 'ஐந்து வயது' என்றது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்ததும் இருபது முறை.

"ஒண்ணு தப்பா அமுக்கு கண்ணு. யானை விழட்டும்" என்றேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நானே அமுக்கினேன். யானை வழுக்கி விழுந்து தலையில் சேற்றை வாரிப் போட்டது. பின்னாலிருந்த குழந்தைகள் எல்லாம் சிரித்தன. அவள் மட்டும், நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள்.

டேப்லெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கம்பெனி ஆளுக்கு மருமகள் கேட்டபடி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: மற்ற இரண்டும் பரவாயில்லை, எண்ணிக்கை விளையாட்டில் சரியான விடையைவிடத் தவறான விடைக்குப் பரிசு பெரிதாக இருக்கிறது, வயது காட்டும் பட்டையை எடுத்துவிடுங்கள். அவர் படித்தாரா என்று தெரியாது. அந்தப் பக்கத்தில் என் நோட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

இப்போது அவள் மரக்கட்டை அடுக்குகிறாள், படம் வரைகிறாள். ஒவ்வொரு கட்டை வைக்கும்போதும் தலை என் பக்கம் திரும்புகிறது. முதல் வாரம் ஒரு காலைப் பொழுதுக்கு முப்பதுக்கு மேல் திரும்பியது. போன திங்கட்கிழமை பதினொன்று, நேற்று ஒன்பது. இன்று பதின்மூன்று, ஏனென்று தெரியவில்லை. நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன். நான் எண்ணுவது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, விரல்களைச் சட்டைப் பைக்குள் மடக்கிக்கொண்டு, ஆடும் விசிறியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறேன்.