நாலு கேக்கும் ஒரு பொய் டிகிரியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் நாலாவது கேக்கும் கருகியது.

மேலே தார் ரோடு. உள்ளே கத்தியை விட்டால் கூழ். இரண்டும் ஒரே கேக்கில் எப்படிச் சாத்தியம் என்று கேட்காதீர்கள். எங்கள் மைசூர் வீட்டு ஓவனுக்கு அது சாத்தியம்.

ஒரு கேக்குக்கு ஏன் இத்தனை பாடு? என் மாமனாருக்காக. கோயில் ஊரான மேல்கோட்டையில் இருக்கிறார். எண்பது ஆகப் போகிறது. இத்தனை வருடத்தில் ஒரு துண்டு கேக் வாயில் வைத்ததில்லை. முட்டைதான் காரணம். முட்டையில்லாத பேக்கரி கேக் என்று சொன்னாலும் நம்ப மாட்டார். "வெட்டற கத்தி ஒண்ணுதானே?" என்பார்.

அப்படிப்பட்டவர், தானாகவே ஃபோனில் சொன்னார்: "மைதிலி, பொறந்த நாளைக்கு நீ ஆத்துலயே பண்ணினா நான் சாப்பிடறேன்மா."

இதைவிடப் பெரிய கௌரவம் ஒரு மருமகளுக்கு உண்டா? உடனே பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் ஓடினேன். ஸ்டெல்லா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்காகவே முட்டைக்குப் பதில் தயிர் சேர்த்து ஒரு கேக் செய்து தருவாள் – பஞ்சு! ஒரு காகிதத்தில் அளவெல்லாம் எழுதிக் கொடுத்தாள். நூற்றெண்பது டிகிரி, நாற்பது நிமிஷம்.

முதல் கேக் கருகியபோது என்னையே நொந்துகொண்டேன். இரண்டாவதற்கு மைதா மாவைத் திட்டினேன். மூன்றாவது கருகியபோது... சொல்லவே வெட்கமாக இருக்கிறது... ஸ்டெல்லாவைச் சந்தேகப்பட்டேன்.

ரெசிபி கொடுப்பவர்கள் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே? அதேதான். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதை மறைத்திருப்பாள்? எசென்ஸையா? இல்லை, வேறு ஏதாவது பவுடரா?

அன்றிலிருந்து அவளிடம் பேச்சைக் குறைத்தேன். கேட்டில் பார்த்தால் அரைச் சிரிப்பு. அப்புறம் அதுவும் கட். ஒரு நாள் அவள் ஸ்கூட்டரை நிறுத்தும்போது, நான் ஃபோனில் பேசுவது போல பாவனை செய்துகொண்டே உள்ளே போனேன். ஃபோன் ஆஃபில் இருந்தது.

நாலாவது கேக்கின் முன் நான் உட்கார்ந்திருந்தபோதுதான் என் கணவர் சம்பத் வந்தார். இங்கே மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே இருக்கிற அளவுக் கருவிகளெல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

"நாலு தடவையும் இதே மாதிரியா?" என்றார்.

"இதே மாதிரிதான். மேல கரி, உள்ள மாவு."

"அப்ப தப்பு உன் கைமேல இல்ல மைதிலி. கை தப்புப் பண்ணினா ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வரும். ஒரே மாதிரி தப்பு வந்தா அது மிஷின்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏன்னா, ஊர்ல இருக்கற மீட்டரையெல்லாம் தினம் சோதிக்கறேள். இதை முதல் கேக்குக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆத்துக்கு வந்தா ஆஃபீஸ் ஞாபகம் வரதில்ல" என்றார். வராத நாள்களை நான் எண்ணிச் சொல்ல முடியும். விட்டுவிட்டேன்.

மறுநாள் ஓவனுக்குள் வைக்கிற ஒரு சின்னத் தெர்மாமீட்டரை வாங்கி வந்தார். அதை நடுத் தட்டில் தொங்கவிட்டு, குமிழை நூற்றெண்பதில் வைத்தார். இருபது நிமிஷம் காத்திருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

இருநூற்று இருபத்திரண்டு!

"பார்த்தேளா!" என்று குதித்தேன். அவர் அசையவில்லை. "ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணக் கூடாது. ஹீட்டர் விட்டு விட்டு எரியும், சூடு ஏறி இறங்கும்." பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுதச் சொன்னார். இருநூற்றெட்டு, இருநூற்றுப் பதினாறு, இருநூற்றுப் பதினாலு. சராசரி இருநூற்றுப் பதினைந்து.

நூற்றைம்பதில் வைத்தும் பார்த்தோம். அங்கேயும் அதே முப்பத்தைந்து டிகிரி கூடுதல்.

சம்பத்தின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ரொம்ப நல்ல ஓவன் இது. எப்பவும் ஒரே அளவுக்குப் பொய் சொல்றது. அதைக் கழிச்சுண்டா போதும்." குமிழைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, புது எண்களை மார்க்கரில் எழுதினார். பழைய நூற்று நாற்பத்தைந்துக்கு நேராக இப்போது நூற்றெண்பது.

ஐந்தாவது கேக். நாற்பது நிமிஷம். பொன் நிறம். குத்திப் பார்த்த குச்சி சுத்தமாக வெளியே வந்தது. நான் சமையலறையிலேயே கை தட்டினேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஒரு பெயர் ஞாபகம் வந்தது.

ஸ்டெல்லா.

பிறந்த நாளன்று அவளையும் கூப்பிட்டேன். மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். நானே புதுக் கத்தியால் வெட்டிக் கொடுத்தேன். முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"நன்னாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நம்ம புளியோதரைக்கு ஈடாகாதும்மா."

சொல்லிவிட்டு மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

ஸ்டெல்லாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரெசிபியில் ஒளித்துவிட்டாள் என்று நினைத்தது, சிரிக்காமல் போனது, ஆஃபில் இருந்த ஃபோன்... "மூணு வாரம் உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசல ஸ்டெல்லா. மன்னிச்சுடு."

அவள் கண்ணை அகல விரித்தாள்.

"ஹௌதா, அப்படியா அக்கா? நீங்க பேசலையா? இந்த மூணு வாரமும் எனக்கு நைட் டியூட்டி. தூக்கத்துல வந்து தூக்கத்துல போனேன். நான் கவனிக்கவே இல்லையே!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் தாங்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் சின்ன ஏமாற்றம். எவ்வளவு சிரமப்பட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்!

ஒன்று சொல்கிறேன். யாரிடமாவது கோபித்துக்கொள்வதாக இருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உழைப்பெல்லாம் வீண்!