திருகோணமலைத் தவறணைகள்: மூன்று பிளாவும் ஒரு மச்சானும்

போர்நிறுத்தம் நீடிக்கிறது. பாதை திறந்திருக்கிறது. கொழும்பிலிருந்து திருகோணமலைக்குக் கள்ளுத் தவறணைகளைத் தேடிப் போகலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சித்திரையில் நான் போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த சுகந்தியின் ஊர் அது. போய் இறங்கும் அன்று மாலையே அவளுடைய அப்பாவிடம் பெண் கேட்பதாக இருந்தேன்.

புறக்கோட்டையிலிருந்து இரவு பஸ். எட்டு மணித்தியாலம். கந்தளாய்க்குப் பிறகு சோதனைச்சாவடிகள். இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மறுபடி ஏற வேண்டும்.

பஸ் நிலையத்தில் சுகந்தி ஓட்டோவோடு நின்றாள். ஓட்டியவன் தயாளன், அவளுடைய மாமன் மகன். "மச்சான்" என்று கூப்பிட்டாள். முறைதான். கட்டிக்கொள்ளும் முறையும் அதுதான். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

முதல் தவறணை துறைமுகப் பக்கம். தகரக் கூரை, உட்கார நீண்ட வாங்கு, எதிரே கடற்படைப் படகுகள். பல மரத்துக் கள்ளையும் ஒரே பீப்பாயில் கலந்து வைத்திருந்தார்கள். போத்தல் இருபது ரூபாய். "இதைக் குடியாதேங்கோ," என்றான் தயாளன். முகர்ந்ததோடு சரி.

இரண்டாவது, அன்புவழிபுரத்துக்கு அப்பால், நான்கு கிலோமீற்றர். பனைகளுக்கு நடுவே தென்னோலைக் கிடுகால் அடைத்த கொட்டில். இங்கே பழைய வாடிக்கைக்காரர்களுக்கு ஆளுக்கொரு மரம் உண்டு. தனிப்பனை என்பார்கள். இன்னொரு மரத்துக் கள்ளைத் தொடமாட்டார்கள். தயாளனுக்கும் ஒரு பனை இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பெண்கள் உள்ளே வருவதில்லை. சுகந்தி ஓட்டோவிலேயே இருந்தாள். தவறணைக்காரர் மணியண்ணை, ஓலையில் மடித்த பிளாவை என்னிடம் தந்து, தனியாக வைத்திருந்த மண்முட்டியிலிருந்து ஊற்றினார்.

"முதல் தரமோ தம்பி?"

"ஓம்."

"மெல்லக் குடியுங்கோ. மாப்பிளை விழுந்தா எங்களால தூக்க ஏலாது."

வாங்கு முழுக்கச் சிரித்தது.

இனிப்பு. மூன்று பிளா. வெயில், வெறும் வயிறு. தலை மிதந்தது. கிடுகு இடைவெளியால் பார்த்தேன். தயாளன் தன் பனைக் கள்ளில் ஒரு பிளாவை அவளிடம் நீட்டினான். ஒரு மிடறு குடித்தாள். முகம் சுளித்தாள். சிரித்தபடி அவன் கையில் தட்டினாள்.

வெளியே போனேன்.

"இவரையே கட்டியிருக்கலாமே," என்றேன் சுகந்தியிடம். "முறை மாப்பிளை. சொந்தமா ஓட்டோ. நான் என்னத்துக்கு?"

தயாளன் பிளாவில் மிச்சமிருந்ததை மண்ணில் ஊற்றிவிட்டு மரங்கள் பக்கம் போனான்.

"மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன். "கள்ளு வெறியில கதைச்சுப்போட்டன்."

"நீர் குடிச்சது கருப்பணி. சுண்ணாம்பு பூசின முட்டியில இறக்கிறது, புளிக்காது, வெறிக்காது. சின்னப்பிள்ளையளும் குடிக்கும். பின்னேரம் அப்பாவைப் பாக்கவேணுமெண்டு நான்தான் இதை ஊத்தச்சொல்லி மணியண்ணைக்குச் சொல்லிவிட்டனான்."

கையிலிருந்த வெறும் பிளாவைக் கீழே வைத்தேன்.

"அப்ப இது வெறிக்கதை இல்லை," என்றாள். "இண்டைக்கு வீட்டை வரவேண்டாம்."

"நாளைக்கு?"

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு கொழும்பு பஸ் இருக்கு."

போகிறவர்களுக்கு: பனங்கள் ஆடி வரை கிடைக்கும். காலை பத்துக்கு முன் போங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எந்த முட்டி என்று கேட்டுக் குடியுங்கள். பஸ் நிலையத்தில் தயாளனின் ஓட்டோவை விசாரியுங்கள். வாடகை நியாயம். அவனைவிட நல்ல வழிகாட்டி அங்கே இல்லை. இதை எழுத எனக்கு மனமில்லை, ஆனாலும் உண்மை.

கள்ளின் சுவையைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நான் குடிக்கவே இல்லை. தயாளனின் பனைக் கள் எப்படி இருக்கும் என்று சுகந்திக்குத்தான் தெரியும்.